ஈ-ஹ்ராஃப்: ஒப்பாய்வுக்கு முதலில் திறக்க வேண்டிய தரவுத்தளம்

ஒரே சமூகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரும் ஜேஸ்டோரும் போதும். பல சமூகங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஈ-ஹ்ராஃப் வேர்ல்டு கல்ச்சர்ஸ்தான் சரி. 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹ்யூமன் ரிலேஷன்ஸ் ஏரியா ஃபைல்ஸ் இதை நடத்துகிறது. ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையை விவரிக்கும் இனவரைவியல் நூல்களை ஏற்றியதோடு நிற்காமல், பத்தி பத்தியாகப் படித்து, அது பேசும் பொருளுக்கென்று வகுத்த எண்ணை, அதாவது பொருள் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இதன் உயிர் அதில்தான் இருக்கிறது.

மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ‘கிராஸ் கசின்’ என்று சொல்லால் தேடினால், அந்தச் சொல்லையே அறியாத பழைய பாதிரியார்களும் அதிகாரிகளும் எழுதியவை நழுவிவிடும். 582 என்ற பொருள் எண்ணால் தேடுங்கள். யார் யாரை மணக்கலாம் என்று பேசும் பத்திகள் எந்தச் சொல்லில் இருந்தாலும் வரும். பரியம், சீதனத்துக்கு 583, திருமணச் சடங்குக்கு 585, உறவுமுறைப் பெயர்களுக்கு 601. இரண்டு எண்களைக் கொடுத்து இரண்டும் இருந்தே ஆகவேண்டும் என்று கேட்காதீர்கள். அடுத்தடுத்த பத்திகளில் பிரிந்து கிடக்கும் செய்தி அதில் விடுபட்டுப் போகும். முதலில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று தேடி, அதிகம் வந்தால் ஒரு சொல்லைச் சேர்த்துக் குறைப்பதே நல்லது.

பலரும் சறுக்குவது ஆண்டில். மானிடவியலாளர் எட்மண்ட் லீச் இலங்கையின் புல் எளிய கிராமத்தில் தங்கியது 1954இல், நூல் வந்தது 1961இல். ஒப்பிடும்போது கணக்கில் வருவது களப்பணி ஆண்டும் ஊரும். ஒவ்வொரு ஆவணத்தின் விவரப் பக்கத்திலும் அவை இருக்கின்றன. எழுதியவர் மானிடவியலாளரா, மிஷனரியா என்பதையும் அங்கேயே பாருங்கள். பத்திகளின் எண்ணிக்கையை வைத்து வழக்கத்தின் பரவலை முடிவு செய்வது பெரும் பிழை. ஒரே ஆசிரியர் நாற்பது பத்தி எழுதியிருக்கலாம்.

சமூகங்களைத் தேர்வதற்கு 60 பண்பாடுகள் கொண்ட மாதிரித் தொகுப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. சிங்களவரும், இந்தியப் பழங்குடிகளான சந்தால், காசி, காரோ மக்களும் அதில் உண்டு, தோடர் இல்லை. நமக்குப் பிடித்ததைச் சேர்த்துக்கொள்ளும் ஆசைக்கு இது நல்ல கடிவாளம்.

குறை என்றால் சந்தா. பெரும்பாலும் பல்கலைக்கழகம் கட்டியிருந்தால்தான் உள்ளே போகலாம். பொருள் எண் பட்டியல் மட்டும் எல்லோருக்கும் இலவசம். தொகுப்பில் பழைய நூல்களே மிகுதி என்பதால், அண்மைக்கால மாற்றங்களுக்கு ஆய்விதழ்களைத்தான் நாட வேண்டும். கிடைத்த பத்தியை அப்படியே வெட்டி எடுக்காமல் முன்பின் பக்கங்களையும் படியுங்கள். மூல நூலின் பக்க எண் உள்ளேயே காட்டப்படுகிறது. மேற்கோளுக்கு அதையே கொடுங்கள்.