முதல் இழுப்பு: மதுரையில் ஓர் எம்.ஆர்.டி. பரிசோதனை

மெல்பர்னிலிருந்து ஆறு வார விடுப்பில் இம்முறை மதுரைக்குச் சென்றது தங்கை மகனுக்காக. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பி-செல் வகைக் கடும் ரத்தப் புற்றுநோய். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் 'இண்டக்‌ஷன்' எனும் முதற்கட்ட கீமோதெரபி முடிந்து, எலும்பு மஜ்ஜையில் நோய் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.டி. பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

நுண்ணோக்கியில் பார்த்தால் நூறு செல்களில் ஐந்துக்கும் குறைவாகவே புற்று செல்கள் இருக்கும் நிலையை 'ரெமிஷன்' என்கிறார்கள். ஆனால் அந்த நிலையிலும் உடலில் கோடிக்கணக்கில் அவை ஒளிந்திருக்கக்கூடும். செல்களின் மேற்பரப்பை ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளால் அடையாளமிட்டு, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையோ பத்தாயிரத்தில் ஒன்றைக்கூடக் காட்டிவிடும். அந்த 0.01 சதவீத எல்லையைப் பார்த்தே பல சிகிச்சைத் திட்டங்களில் அடுத்த கட்ட மருந்தின் கடுமை முடிவாகிறது.

வார்டு செவிலியர்களைப் பற்றி நன்றியோடு மட்டுமே எழுத முடியும். பிள்ளை மயங்கித் தூங்கும்வரை தாயைப் பக்கத்திலேயே இருக்கவிட்டார்கள். குறை வேறிடத்தில் நேர்ந்தது. இடுப்பெலும்பில் ஊசியிட்டு முதலில் இழுக்கும் மஜ்ஜைதான் எம்.ஆர்.டி.க்குப் போக வேண்டும். அடுத்தடுத்த இழுப்புகளில் ரத்தம் கலந்துவிடுவதால், இருக்கும் நோயும் இல்லாததுபோல் தெரியலாம். அன்று முதல் இழுப்பு நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்லைடுகளுக்குப் போய்விட்டது. ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைப் பார்த்ததும் தங்கை அழுதே விட்டாள். அதன் கீழே சிறிய எழுத்தில், மாதிரியில் ரத்தம் மிகுதியாகக் கலந்திருப்பதால் முடிவை எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும் என்றிருந்ததை மருத்துவர்தான் எங்களுக்குக் காட்டினார். தவறு தங்கள் பக்கம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளை இன்னொரு முறை ஊசிக்குப் படுக்க நேர்ந்ததும், அடுத்த மருந்து நான்கு நாள் தள்ளிப்போனதும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் முறை நானே அறை வாசலில் நின்று, முதல் குழாய் எதற்கு என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நோய் கண்டறிந்த நாளின் ஃப்ளோ அறிக்கையின் நகலையும் சேர்த்தே அனுப்பினோம். அந்தப் புற்று செல்களின் முதல்நாள் அடையாளம் தெரிந்தால்தான் எஞ்சியவற்றை இயல்பான இளஞ்செல்களிலிருந்து பிரித்தறிவது எளிது என்று ஆய்வகத்தார் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்கள். வார இறுதியில் மாதிரி வழியில் தேங்கி செல்கள் மடிந்துவிடக் கூடாது என்பதற்காகத் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

புதிய அறிக்கையில் எண்ணப்பட்ட செல்கள் ஏழு லட்சம் என்றும், மாதிரி தரமானது என்றும், எஞ்சிய நோய் கண்டறியப்படவில்லை என்றும் இருந்தது. ஐந்து லட்சம் செல்களை எண்ணினால் 0.01 சதவீதம் என்பது வெறும் ஐம்பது செல்கள். எத்தனை எண்ணினார்கள் என்பதை நான் முதலில் தேடியது அதனால்தான். மூன்று அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அடுத்த எம்.ஆர்.டி. 'கன்சாலிடேஷன்' எனும் அடுத்தகட்ட கீமோதெரபியின் முடிவில்.