‘இம்பீடன்ஸ் மேட்சிங் பெட்டி’ விற்பவர்களிடம் எச்சரிக்கை

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்க வேண்டிய ‘இம்பீடன்ஸ் மேட்சிங் பெட்டி’ என்று ஒரு சாதனத்தை ஆடியோ விற்பனையாளர் ஒருவர் என் தலையில் கட்டினார். இம்பீடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் தடை; அதை ஓமில் அளப்பார்கள். இரு கருவிகளின் இம்பீடன்ஸைப் பொருத்துவதுதான் மேட்சிங். அந்தப் பெட்டி இல்லாமல் ஸ்பீக்கரை இணைத்தால் ஆம்ப்ளிஃபயருக்கு வாரண்டி தர முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால் அதையும் சேர்த்தே வாங்க வேண்டியதாயிற்று. இதே பேச்சை வேறு யாராவது உங்களிடம் பேசினால் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் 8 ஓம், ஸ்பீக்கர் 4 ஓம், இரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் கருகிவிடும் என்பதே அவருடைய வாதம். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் ‘4 முதல் 16 ஓம் வரை’ என்று அச்சிட்டிருந்ததைக் காட்டியபோது, அது விற்பனைக்காகப் போடுவது என்றார். பிறகு மல்டிமீட்டரை ஸ்பீக்கரின் முனைகளில் வைத்து, “பாருங்கள், 3.4 தான் காட்டுகிறது, 4 ஓம்கூட இல்லை” என்று பயமுறுத்தினார். உண்மையில் எல்லா 4 ஓம் ஸ்பீக்கரும் ஏறத்தாழ அப்படித்தான் காட்டும். மல்டிமீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் நேர்மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை மட்டுமே. அது பொதுவாகக் குறிப்பிட்ட இம்பீடன்ஸைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை அளந்தால் 6 ஓமை ஒட்டி வரும். இதைப் பழுதின் அடையாளமாகக் காட்டுவது காதில் பூச்சுற்றும் வேலை.

பெட்டியை இணைத்தவுடன் ஒலி குறைந்தது. அதைவிட மோசமானது, தாழ்சுருதி ஒலியான பாஸ். மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ‘கும்’ என்று இழுபட்டது. முறையிட்டபோது ‘பர்ன்-இன் ஆகட்டும் (அதாவது சில காலம் ஓடிப் பழகட்டும்), சரியாகிவிடும்’ என்ற வழக்கமான பதில்தான் கிடைத்தது. சற்று உரக்க வைத்துக் கேட்ட ஒரு மாலையில் பெட்டியிலிருந்து கருகல் வாடை வரவே, இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே சேனலுக்கு ஒன்று வீதம் இரண்டு வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர்களும் நான்கு துண்டுக் கம்பிகளும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. ரெசிஸ்டரின் மேல் ‘5டபிள்யூ 3ஆர்9 ஜே’ என்று அச்சாகியிருந்தது. 5 வாட், 3.9 ஓம், 5 சதவீத ஏற்ற இறக்கம் என்பது அதன் பொருள். அவற்றைப் பிடித்திருந்த பசை உருகி வழிந்து, அடியிலிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருந்தது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் முழு அளவில் 20 வோல்ட் கொடுக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரும் 3.9 ஓம் ரெசிஸ்டரும் தொடரிணைப்பில் இருக்கும்போது ஏறத்தாழ 2.5 ஆம்பியர் பாய்ந்து, ரெசிஸ்டரில் மட்டும் சுமார் 25 வாட் வெப்பமாக வீணாகிறது. அந்த இடத்தில் 5 வாட் ரெசிஸ்டரை, அதுவும் காற்றோட்டமே இல்லாத மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இசை எப்போதும் முழு அளவில் ஒலிப்பதில்லை என்பதால்தான் அது உடனே எரியவில்லை.

பாஸ் கெட்டதற்கும் அதே ரெசிஸ்டர்தான் காரணம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே அளவில் நிற்பதில்லை. பாஸை ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணில் (ஒத்ததிர்வு) அது 20 ஓம் வரையிலும் அதற்கு மேலும்கூட ஏறும். இடையில் 3.9 ஓம் நின்றால், 4 ஓம் இருக்கும் அதிர்வெண்களுக்குப் பாதி வோல்டேஜும், 20 ஓம் இருக்கும் இடத்துக்கு ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும் போய்ச் சேரும். அதாவது அந்த ஒரு பகுதி மட்டும் 4 டெசிபலுக்கு மேல் எழும்பி நிற்கும். கூடவே, ஒலி எழுப்பும் கோனின் அசைவை ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதைக் காட்டும் டேம்பிங் ஃபேக்டர் ஏறத்தாழ 1 ஆகச் சரிந்துவிடும். எத்தனை மாதம் பர்ன்-இன் செய்தாலும் இது மாறாது.

இவர்களின் பேச்சு எடுபடுவதற்குக் காரணம், இம்பீடன்ஸைப் பொருத்த வேண்டிய இடங்கள் உண்மையிலேயே சில உண்டு என்பதுதான். டியூப் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருப்பது அதற்காகத்தான். டிஜிட்டல் கோஆக்சியல் இணைப்புக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். ஆனால் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஓமில் சிறு பின்னம். அதை ஸ்பீக்கரோடு சமப்படுத்தக் கூடாது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஆம்ப்ளிஃபயருக்குக் குறிப்பிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே 8 ஓமுக்குக் கீழே தாங்காதது என்றால், 8 ஓம் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் திறக்காமலே சோதிக்கலாம். எதையும் இணைக்காமல், உள்ளீட்டின் சிவப்பு முனையிலும் வெளியீட்டின் சிவப்பு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 4 ஓமை ஒட்டிய அளவு காட்டி, உள்ளீட்டின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் இணைப்பே இல்லை என்று வந்தால், உள்ளே இருப்பது வெறும் ரெசிஸ்டர். உண்மையான மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உள்ளீட்டின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே செப்புச் சுருளின் சிறு மின்தடை தெரியும்; கையில் தூக்கினாலே இரும்பின் கனமும் தெரியும்.

உயர்சுருதி ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் கூச்சலைக் குறைக்க என்று இதே விற்பனையாளர் மற்றவர்களுக்கும் ஒற்றை ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுத் தருகிறார். அதனால், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவர் காணும் இம்பீடன்ஸ் மாறி, பிரியும் அதிர்வெண்ணே நகர்ந்துவிடும். 8 ஓம் ட்வீட்டரில் 6 டெசிபல் குறைக்க, தொடரில் 4 ஓமும் ட்வீட்டருக்கு இணையாக 8 ஓமும் கொண்ட, எல்-பேட் எனப்படும் ரெசிஸ்டர் ஜோடி வேண்டும். அப்போதுதான் கிராஸ்ஓவருக்கு அது 8 ஓமாகவே தெரியும்.

கருகிய பெட்டியோடு போய் நின்றபோது, சீல் உடைந்துவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்றார் விற்பனையாளர். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வாட் தாங்கும் என்பதை ரசீதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.