மூலைக்கு வந்து சேராத பிறை

போன வாரம்தான் என் தையல் மிஷின் பழுது முடிந்து வீட்டுக்கு வந்தது. அதே வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "உன்னிடம் இருப்பதைப் போலவே ஒன்று வாங்கலாமா? ஓரத்துக்குப் பூத்தையல் எல்லாம் வருமாமே?" இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எட்டு வருடக் கோபம் அதில் அடங்கவில்லை.

எடை, மோட்டார், தையல் வகைகளின் எண்ணிக்கை எல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். குமிழைத் திருப்பித் தையலைத் தேர்ந்தெடுக்கும், ஊசி பக்கவாட்டிலும் அசைந்து தைக்கும் சாதாரண ஜிக்ஜாக் மிஷின் இது. நேர்த்தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வழக்கு முழுவதும் ஸ்காலப் தையலோடுதான். துணியின் விளிம்பில் நெருக்கமாக நூலைக் கட்டிக்கொண்டு பிறை பிறையாகப் போகுமே, அந்தத் தையல்.

மிஷினுக்குள் கேம் எனப்படும் தட்டுகள் அடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பும் ஒவ்வொரு விதமாக மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டிருக்கும். அந்த மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டே ஒரு சிறு நெம்புகோல் ஊசித்தண்டை இடமும் வலமும் தள்ளும். என் மிஷினில் ஒரு பிறைக்கு ஊசி 24 முறை இறங்குகிறது, வீலைக் கையால் சுற்றி எண்ணியிருக்கிறேன். தையல் நீளம் 0.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு பிறை 12 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் கைக்குட்டையின் ஒரு பக்கத்துக்கு 25 பிறைகள், கச்சிதமான கணக்கு. ஆனால் நீளக் குமிழ் மயிரிழை நகர்ந்து 0.48 ஆனாலே 26 பிறைகள் ஆகிவிடும். அந்தக் குமிழில் 0, 1, 2 என்றுதான் எண்கள் போட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் 0.48-ஐயும் 0.5-ஐயும் எந்தக் கண் பிரித்துப் பார்க்கும்? போதாததற்கு, மடிப்பு தடித்த இடத்தில் துணி நகரும் வேகமும் மாறும். கடைசியில் மூலைக்கு வரும்போது பிறை பாதியில் அறுந்து நிற்கும்.

தொடக்கமும் நம் கையில் இல்லை. முந்தைய வேலையில் கேம் எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த துணி தொடங்கும். எலக்ட்ரானிக் மிஷின்களில் பிறையின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கவும், பிறை முடிந்ததும் நிற்கவும் வசதி உண்டு. இதில் இல்லை என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. விளக்கப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. படத்தில் மட்டும் அளந்து வைத்தாற்போல் அழகான மூலை.

வாங்கிய வருடம் தங்கையின் வளைகாப்பு. ஏழு வரிசைத் தட்டுகளை மூட ஏழு சதுரத் துணிகள் தைத்தேன், கிளிப்பச்சை நூலில். 28 மூலைகளில் ஒழுங்காக வந்தவை மூன்று. வந்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நானாகக் கற்றவை சில. ஒரு துண்டுத் துணியில் தைத்துக்கொண்டே போய், பிறை முடியும் இடத்தில் நிறுத்தி, ஊசியைத் தூக்கி, நூலை வெட்டிவிட்டு நல்ல துணியை வைத்தால் அங்கே முழுப்பிறையாகத் தொடங்கும். நடுவில் தையல் குமிழைத் தொடக்கூடாது. துணிக்கு வடிகஞ்சி போட்டு, ஈரம் முழுவதும் காய்வதற்குள் இஸ்திரி போட்டு விறைப்பாக்கிக்கொண்டால் நூல் துணியைச் சுருட்டி இழுக்காது. அடியில் செய்தித்தாள் வைத்துத் தைக்காதீர்கள், வெள்ளைத் துணியில் மை ஏறிவிடும். பட்டர் பேப்பர் வைக்கலாம், எனக்குக் கஞ்சியே போதும். மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, சற்றுக் குறைத்தால் அடியிலிருந்து வரும் பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டில், அடியில் பள்ளம் உள்ளதைத்தான் மாட்டவேண்டும், இல்லாவிட்டால் குவிந்த நூல் மாட்டிக்கொண்டு துணி நகராது. மூலைக்கு நான் கண்ட வழி, மூலையே இல்லாமல் செய்வதுதான். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டமாகக் கோடு போட்டு, வளைவாகவே தைத்துப் போய்விடுகிறேன். சேரும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் ஓர் ஓரமாக. ஆனால் கைக்குட்டை என்றால் சதுரமாகத்தானே இருக்கவேண்டும்!

இனி, இந்த மிஷின் எனக்குக் கொடுத்ததையும் சொல்லவேண்டும். ஓர மடிப்பை வெளியே தெரியாமல் தைக்க உதவும் பிளைண்ட் ஹெம் தையலில் சில சிறு குத்துகளுக்குப் பிறகு இடப்பக்கமாக ஒரு பெரிய குத்து விழும். மெல்லிய துணியை மடித்து, மடிப்பின் விளிம்பு இடப்பக்கம் இருக்கும்படி வைத்து, அந்தப் பெரிய குத்து மடிப்பைத் தாண்டி வெளியே விழுமாறு ஓட்டினேன். மேல் டென்ஷனைக் கூட்டியதும் நூல் விளிம்பை இழுத்துக் கட்டிச் சிப்பி சிப்பியாகச் சுருக்கியது. அப்பாவின் பழைய வேட்டியில் தங்கை குழந்தைக்கு ஜப்லா தைத்தபோது கண்டுபிடித்தது இது. துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வேட்டி, கழுத்தைச் சுற்றிச் சிப்பி ஓரம். நெருக்கமான நூல் கட்டு இல்லாததால் குழந்தையின் தோலில் உறுத்தவில்லை. சிப்பிகள் சிறியவை என்பதால் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே தெரியாது. அதைப் போல முப்பதுக்கு மேல் தைத்துக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடையிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பிறகு தை மாதம் திடீரென்று ஜிக்ஜாக் நின்றுவிட்டது. நேர்த்தையல் ஓடுகிறது, ஊசி மட்டும் பக்கவாட்டில் அசைய மறுக்கிறது. சர்வீஸ் சென்டரில் பாகம் வருவதில்லை, புதிது வாங்குங்கள் என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் திறந்து காட்டினார். கேம் அடுக்கைச் சுழற்றும் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. சுற்றிலும் உலோகம், அது மட்டும் பிளாஸ்டிக். கிரீஸ் இறுகிப் பிசினாகியிருந்தது. உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் விடாமல் வருடக்கணக்கில் ஓட்டியது என் தவறு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் மிஷினின் அத்தனை அலங்காரத் தையலையும் கட்டை விரல் அளவுப் பிளாஸ்டிக்கின் தலையில் சுமத்தியது யார் தவறு? அவர் ஒரு பழைய மிஷினிலிருந்து கழற்றிப் பொருத்தினார், 1,400 ரூபாய்.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஓரத் தையலுக்காகவே வாங்குவதானால் கண்டிப்பாக வாங்காதே. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து எலக்ட்ரானிக் மிஷினாகப் பார். நான் சொல்வதில் நம்பிக்கை வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நீயே தைத்துப் பார். காலையில் ஜப்லா ஓரம் தைக்கும் வேலை இருக்கிறது, மதியத்துக்குமேல் மிஷின் சும்மாதான் இருக்கும். வரும்போது ஒரு கைக்குட்டைத் துணி கொண்டுவா. மூலையை வட்டமாக வெட்டிவிடாதே.