வாயால் கிடைத்த அனுமதிக்கு 2,050 பவுண்ஸ்: லண்டனில் வீடு தேடும் சைல்ட்மைண்டர்களுக்கு

லண்டனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சைல்ட்மைண்டராக, அதாவது மற்றவர்களின் பிள்ளைகளைக் காசுக்கு எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகவும், இனி இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது.

சைல்ட்மைண்டர்களைப் பதிந்து கண்காணிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டில் நான் பதிந்தது 2016 இல். ஹரோவில் இருந்த பழைய வீட்டை அதன் சொந்தக்காரர் 2023 இல் விற்றுவிட்டார், நாங்கள் எழும்ப வேண்டியதாகிவிட்டது. வீடு மாறுவது யாருக்கும் கரைச்சல்தான், எங்களுக்கு அது இரட்டிப்பு. எங்கள் பதிவு நாங்கள் வேலை செய்யும் வீட்டோடு சேர்ந்தது. மாறினால் ஒஃப்ஸ்டெட்டுக்குச் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் இருக்கும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும். அப்போது என்னிடம் ஐந்து பிள்ளைகள். மூன்று பேர் சின்னவர்கள், இரண்டு பேர் பள்ளி விட்டு வருகிறவர்கள். நான் ஒரு கிழமை கதவைப் பூட்டினால் ஐந்து வீட்டில் தாய்தகப்பன் வேலைக்குப் போக முடியாது. அந்த அவசரம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

எத்தனையோ ஏஜென்சிகளுக்குப் போன் எடுத்தேன். "சைல்ட்மைண்டர்" என்ற சொல் வந்தவுடனே "பிஸ்னஸுக்கு விடமாட்டோம்" என்று வைத்துவிடுவார்கள். கடைசியில் ஒரு ஏஜென்சியில் எங்கள் ஆள் ஒருவர் கிடைத்தார். என்னைவிட வயது குறைந்தவர். வீடு எனக்குப் பிடித்துவிட்டது. தரைத்தள ஃபிளாட், பின்னால் சின்னத் தோட்டம், பள்ளிக்கு ஏழு நிமிட நடை.

"தம்பி, நான் வீட்டில வச்சுப் பிள்ளை பார்க்கிறனான். அது வீட்டுக்காரருக்குத் தெரியவேணும்" என்று முதல் நாளே சொன்னேன்.

"நான் அவரோட கதைச்சிட்டன் அக்கா. அவருக்கு ஓம். வீடு கொஞ்சம் பழுதாகும் எண்டு மேலதிகமா கேக்கிறார், அவ்வளவுதான்."

மேலதிகம் என்றால் முதலில் 1,000 பவுண்ஸ், பிறகு மாதம் 150. இரண்டும் கைக்காசு. கொன்ட்ராக்ட்டில் "குடியிருப்பாக மட்டுமே பாவிக்க வேண்டும், எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது" என்று ஒரு வரி இருந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. "இதை மாத்தி எழுத ஏலாதா தம்பி?" என்று கேட்டேன். "எழுதினா அவர் மோர்கேஜ்காரருக்கும் சொல்ல வேணும். பிறகு வீடு உங்களுக்குக் கிடைக்காது. நான் இருக்கிறன்தானே அக்கா" என்றார். அந்த "இருக்கிறன்தானே"யில்தான் நான் விழுந்தேன்.

நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாத வாடகை 1,950. ஆண்டு வாடகை 50,000 பவுண்ஸுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபொசிட் கேட்க முடியாது. கணக்குப் போட்டால் 2,250. அதைச் சரியாக வங்கி வழியாகத்தான் வாங்கினார்கள். முப்பது நாளுக்குள் டெபொசிட் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த கடிதமும் வந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, கைக்காசு மட்டும் வீட்டுக்காரரின் வசதிக்கு என்று நினைத்துவிட்டேன்.

ஜூலையில் குடிபுகுந்தோம். ஆறு மாத கொன்ட்ராக்ட், அதன் பிறகு மாதத்துக்கு மாதம். ஜனவரிக் கடைசியில் வருடாந்தக் காஸ் சோதனைக்கு ஆள் வந்தபோது வீட்டுக்காரரும் கூட வந்தார். அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்க்கிறேன். வயதான மனிதர், மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கழற்றியதை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரோரம் உள்ளங்கை அளவுச் சப்பாத்துகள் மூன்று சோடி. அதற்கு மேலே முழங்கால் உயரத்தில் நான் அடித்த கொளுக்கிகளில் மூன்று குட்டிக் கோட்டுகள். சமையலறை வாசலில் தடுப்புக் கேற். சுவரில் ஒஃப்ஸ்டெட் சான்றிதழ். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தார்.

"இது யாருடைய பிள்ளைகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு ஒன்றுமே சொல்லப்படவில்லை. கணவன், மனைவி, ஒரு மகன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். என் ஏழு மாதக் காசில் ஒரு சதம்கூட அவர் கைக்குப் போகவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் விசாரித்துவிட்டுப் போன் எடுத்தார். அவருடைய கட்டிட இன்சூரன்ஸுக்கு இது தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், ஃபிளாட் லீஸ்ஹோல்ட். நிலத்தின் சொந்தக்காரருக்கும் அவருக்கும் இடையிலான லீஸிலேயே குடியிருப்பு தவிர வேறெதற்கும் பாவிக்கக் கூடாது என்று இருக்கிறது. அவரே ஓம் என்றாலும் அந்த ஓம் செல்லாது. செக்‌ஷன் 21 நோட்டீஸ், அதாவது காரணம் சொல்லாமலே வீட்டை விடச் சொல்லும் நோட்டீஸ் தந்தார், இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒரு தாய் ஆஸ்பத்திரியில் நேர்ஸ், காலை ஏழரைக்குக் கொண்டுவந்து விடுவார். அவருக்கு வேறு ஆள் கிடைக்கவே இல்லை, வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு இரண்டு வயது. தோட்டக் கதவுப் பக்கம் இருந்த நீலப் பாயில் மட்டும்தான் மத்தியானம் படுப்பான். கடைசி நாள் அந்தப் பாயைச் சுருட்டி அவன் தாயிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் காசுக்குப் போராட்டம். 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள டெனன்ட் ஃபீஸ் சட்டப்படி இப்படி மேலதிகமாக வாங்குவதே இங்கிலாந்தில் சட்டவிரோதம். "அந்த ஆள் இப்போது இங்கே வேலை செய்வதில்லை, கைக்காசுக்கு எங்களிடம் பதிவில்லை" என்று ஏஜென்சி சொன்னது. என்னிடமும் ரசீது இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் இருந்தது. "அக்கா, அந்த ஆயிரம் கிடைச்சிட்டுது, நன்றி" என்று ஒன்று, "இந்த மாசத்து நூற்றைம்பது இன்னும் தரேல்லை" என்று இரண்டு. எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். எட்டு வாரம் பொறுத்தேன். ஒவ்வொரு ஏஜென்சியும் கட்டாயம் ஒரு முறைப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று தேடி அங்கே கொண்டுபோனேன். வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கும் எழுதினேன். கடைசியில் 1,300 திரும்பி வந்தது. குரல் இல்லாத ஐந்து மாதக் காசு 750 போனது போனதுதான்.

ஆகவே, ஒஃப்ஸ்டெட் பதிவு வேறு, வீட்டுக்காரர் அனுமதி வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அனுமதி கொன்ட்ராக்ட்டுக்குள்ளேயே வர வேண்டும், அல்லது வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதமாக வர வேண்டும். வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை கேட்பார்களே, அதைக் கட்டுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள். சைல்ட்மைண்டர் என்பதை அவர்களுக்கு ஈமெயிலில் எழுதி அனுப்புங்கள், பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. ஏஜென்ட் "கதைச்சிட்டன்" என்றால் "நல்லது தம்பி, அவர் ஓம் சொன்ன ஈமெயிலை எனக்கும் அனுப்புங்கோ" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். ஃபிளாட் என்றால் லீஸில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று தெரிந்திருப்பதும் உதவும். வீட்டில் தொழில் நடந்தால் 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வணிக வாடகையாகி, குடியிருப்பவரை எழுப்ப முடியாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2015 இல் வந்த சட்டம் வீட்டுத் தொழில்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், வீட்டுத் தொழிலுக்கு அனுமதி கொடுத்துத் தொடங்கும் வாடகைக்கு அந்தப் பயம் தேவையில்லை. இதை அமைதியாக எடுத்துச் சொன்னபோது, இப்போது இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் அரை மணித்தியாலத்தில் சம்மதித்தார்.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் செக்‌ஷன் 21 இல்லை, இனிக் காரணமில்லாமல் எழுப்ப முடியாது. அதைக் கேட்டுச் சிலர் இனிப் பயமில்லை என்கிறார்கள். ஆனால் கொன்ட்ராக்ட்டை மீறினால் கோர்ட்டுக்குப் போக வீட்டுக்காரருக்கு இப்போதும் வழி இருக்கிறது. தொழில் கூடாது என்று எழுதிய வீட்டில் கடிதமில்லாமல் பிள்ளை பார்த்தால் அந்தக் காரணத்தை நாமே கையில் கொடுக்கிறோம்.

புது வீட்டுக்குப் போகும்போது ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோனேன். எட்டு வயதுக்குக் கீழே ஆறு பேருக்கு மேல் இல்லை, அதில் சின்னவர்கள் மூன்று பேர், காலை 7.30 முதல் மாலை 6 வரை, மேல்மாடிக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள், பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (என் வேலையால் மற்றவர்களுக்குக் காயமோ சேதமோ வந்தால் ஈடு கொடுப்பது) பிரதி இணைப்பு, கேற்றும் கொளுக்கியும் அடித்த ஓட்டைகளை எழும்பும்போது நானே அடைத்துப் பெயின்ட் அடிப்பேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டு, தன் இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவித்துவிட்டு, ஒரு பிரதியை எனக்குத் தந்தார். மேலதிகமாக ஒரு பவுண்கூடக் கேட்கவில்லை. கடிதம் இப்போது ஒஃப்ஸ்டெட் சான்றிதழின் பக்கத்திலேயே தொங்குகிறது. அதன் மாதிரி வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறேன்.