நுண்குழலுக்கு அடி போடுவது யார்: சென்ட்ரோசோமா, குரோமோசோமா, கிளையா?

பனை ஓலைக் கொட்டான் (கூடை) முடையும்போது அப்பத்தா ஒரு வேலையை மட்டும் யாரிடமும் விட மாட்டார். "அடியை நான் போட்டுத் தாரேன், மேலே நீ முடை" என்பார். முதல் நாலைந்து ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கையில் விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் பிரிந்து வளவு முழுக்கச் சிதறும். அடி நின்றுவிட்டால் அப்புறம் என் கைக்கே கொட்டான் வந்துவிடும்.

காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். நுண்குழல் பாடம் வந்தாலே அந்த அடிதான் நினைவுக்கு வரும். நுண்குழல் என்பது 25 நானோமீட்டர் விட்டமுள்ள வெற்றுக் குழாய். ட்யூபுலின் என்ற புரதத்தின் ஜோடிகள் சரம்சரமாக, பெரும்பாலும் 13 சரங்களாக ஒட்டி உருவாவது. இருக்கிற குழாயின் நுனியில் புது ஜோடி சேர்வது சுலபம். ஒன்றுமில்லாத இடத்தில் நாலு ஜோடி கூடினால், நிலைக்கும் முன்பே உதிர்ந்துவிடும். இந்தச் சிரமம்தான் செல்லுக்கு வசதி. கண்ட இடத்தில் குழாய் முளைக்காது, அடியை எங்கே வைக்கிறதோ அங்கேதான் முளைக்கும்.

அந்த அடியின் மூலப்பொருள் காமா ட்யூபுலின். 1989இல் ஓக்லி குழுவினர் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் கண்டறிந்தார்கள். 14 காமா ட்யூபுலின்கள் திருகலான வளையமாக நிற்கும். 2020இல் வளையத்தை நெருக்கமாகப் படமெடுத்தபோது அது கொஞ்சம் வாய் பிளந்து, 13 சரத்துக்குச் சரியாகப் பொருந்தாமல் இருந்தது. அதாவது வளையம் இருந்தால் மட்டும் போதாது. கூட ஒரு கை வேண்டும், இடமும் வேண்டும்.

சரி, இடத்துக்குப் போட்டி.

பாடப்புத்தகத்தின் நாயகன் சென்ட்ரோசோம், விலங்கு செல்லில் நுண்குழல்கள் கிளம்பும் மையம். செல் பிரியப்போகும் நேரத்தில் பெருத்து, வளையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல் கட்டான கதிர்கோலுக்கு இரண்டு துருவமும் தயார், வேலை வேகமாக முடியும். ஆனால் 2006இல், சென்ட்ரோசோமின் நடுவில் இருக்கும் சென்ட்ரியோலை உருவாக்க முடியாத பழ ஈக்களை வளர்த்துப் பார்த்தார்கள். அவை முழு ஈக்களாகவே வெளிவந்தன. பிறகு சீக்கிரம் செத்ததற்குக் காரணம், உணர்வு நரம்புகளில் சிலியா என்ற நுண்மயிர் இல்லாததுதான், கதிர்கோல் இல்லாததல்ல. நாயகனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டிவிட்டோம்.

குரோமோசோமின் வழி வேறு. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம், ரான் என்ற இன்னொரு புரதத்தில் ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறை ஏற்றிவிடும். ஏற்றிய ரான் குரோமோசோமைச் சுற்றி மட்டும் அடர்த்தியாக நிற்கும். கட்டிவைக்கப்பட்டிருந்த டிபிஎக்ஸ்2 போன்ற உதவிப் புரதங்களை அங்கே அவிழ்த்துவிடும். சரக்கு இருக்கும் இடத்திலேயே குழாய் தொடங்குவதால் விலாசம் தப்பாது. 1996இல் தவளை முட்டைச் சாற்றில் டிஎன்ஏ பூசிய மணிகளைப் போட்டார்கள், சென்ட்ரோசோம் இல்லாமலே இரண்டு துருவக் கதிர்கோல் உருவானது. குறை என்று பார்த்தால் நிதானம். மனிதக் கருமுட்டையில் சென்ட்ரோசோம் கிடையாது, ரானைத்தான் நம்பியிருக்கிறது. கதிர்கோல் கட்டி முடிக்க ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும், தப்பும் நடக்கும்.

மூன்றாவது கிளை. அதைச் செய்வது ஆக்மின். எட்டுப் புரதங்களின் கூட்டு. ஏற்கனவே உள்ள குழாயின் விலாவில் ஒட்டி, அங்கே வளையத்தைக் கொண்டுவந்து வைக்கும். புதுக் குழாய் தாய்க்குழாயின் திசையிலேயே சாய்வாகக் கிளைக்கும். ஒன்று பலவாகும், திசையும் கெடாது. செடிகளில் இந்தக் கிளை முறை சாதாரணம். அப்பத்தா கையில் இருந்த ஓலையைத் தந்த பனையிலும் சென்ட்ரோசோம் கிடையாது. சென்ட்ரோசோம் இல்லாமலே அத்தனை உயரம் வளர்ந்து நிற்கிறது!

செல்லுக்குள் புரதங்களைப் பொதி கட்டி அனுப்பும் கோல்ஜியும் குழாய் தொடங்கும். நரம்பு செல் முதிர முதிர அதன் சென்ட்ரோசோம் இந்த வேலையிலிருந்து கிட்டத்தட்ட ஓய்வு பெற்றுவிடும்.

பரீட்சையில் சென்ட்ரோசோம் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். என்னைக் கேட்டால் என் ஓட்டு கிளைக்குத்தான். இப்படிச் சொன்ன அன்றைக்கே ஒரு பெண் மடக்கினாள்: "ஒட்டுறதுக்கு முதல்ல ஒரு குழாய் வேணுமே, அது எங்கேருந்து சார் வந்துச்சு?"

நியாயமான கேள்வி. அந்த ஒன்றை சென்ட்ரோசோமோ குரோமோசோமோதான் தர வேண்டும். தவளை முட்டைச் சாற்றில் கிளைப்பதற்கே டிபிஎக்ஸ்2 தேவைப்பட்டது, அதை அவிழ்த்துவிடுவது ரான். என் ஓட்டில் பாதியைக் குரோமோசோமுக்கு மாற்றிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.