ஈசிஆரா, ஓஎம்ஆரா: மாமல்லபுரம் போக எந்தச் சாலை?

மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு (ஈசிஆர்) எண் 49. பழைய மகாபலிபுரம் சாலைக்கு (ஓஎம்ஆர்) எண் 49ஏ. உண்மையில் வயதில் மூத்தது ஓஎம்ஆர். ஈசிஆர் வரும் வரைக்கும் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக அதுவே பெரிய சாலை. பக்கத்தில் புதுச் சாலை ஒன்று வந்ததும் அது 'பழைய' ஆயிற்று, எண்ணிலும் கிளையாகிப்போனது. இருபது வருஷமாக இரண்டிலும் மாறி மாறிப் போய்வருகிறேன். எதில் போகலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: போகும்போது ஓஎம்ஆர், வரும்போது ஈசிஆர். காரணத்தைச் சொல்ல இந்த இரண்டு சாலைகளின் கதையையும், நடுவில் ஓடும் தண்ணீரின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

ஓஎம்ஆர் அடையாறு மத்திய கைலாஷில் தொடங்குகிறது. தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் பூஞ்சேரியில் வந்து ஈசிஆரோடு சேர்கிறது. ஈசிஆருக்குத் தொடக்கம் திருவான்மியூர். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி என்று கடலோரமாகவே இறங்குகிறது. மாமல்லபுரம் வரை தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே ஏறத்தாழ 45 முதல் 50 கிலோமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்ட சோழிங்கநல்லூர்–அக்கரை, கேளம்பாக்கம்–கோவளம், திருப்போரூர்–நெம்மேலி ஆகிய குறுக்குச் சாலைகள் இருக்கின்றன.

ஈசிஆர் ஒரே வீச்சில் போட்ட சாலை அல்ல. கடலோர ஊர்களுக்குத் தனித்தனியாக இருந்த சின்னச் சாலைகளைக் கோத்து, விட்டுப்போன இடங்களை நிரப்பி உண்டாக்கியது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 1990களில் வேலை நடந்தது. மரங்கள் போகும், மணல்மேடுகள் போகும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போதே எதிர்த்தார்கள். 1998இல் புதுச்சேரி வரை திறந்தது. 2002 மார்ச் முதல் சுங்கம் வாங்கினார்கள்.

சாலை திறந்த 1998ஐ மனதில் வைத்துக்கொண்டு ஈசிஆரின் பெயர்பெற்ற இடங்களைப் பாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியது 1966இல். ரோமுலஸ் விட்டேகர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கியது 1976இல். முட்டுக்காடு படகுத்துறை 1984. தென்னிந்தியக் கலைகளுக்கும் பழைய வீடுகளுக்குமான அருங்காட்சியகம் தட்சிணசித்ரா 1996. எல்லாமே சாலைக்கு மூத்தவை. நிலம் மலிவாகவும் சவுக்குத் தோப்பும் மணலுமாகவும் கிடந்த காலத்தில், பட்டணத்தின் சந்தடி வேண்டாம் என்று ஒதுங்கி வந்தவர்கள் உண்டாக்கிய இடங்கள். அவற்றைத் தேடிப் போன கூட்டத்துக்குப் பின்னால் வந்தது சாலை. ஒதுங்கி வந்தவர்களின் வாசலுக்கே பட்டணம் வந்துவிட்டது.

ஓஎம்ஆரின் இப்போதைய உருவம் வேறு விதமாக வந்தது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தது; சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா வந்தது. அங்கே வந்த கம்பெனிகளுக்காகவே மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையாக்கி, 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயரிட்டார்கள். வேலைக்குப் போவதற்கென்று அகலப்படுத்திய சாலை அது, அந்த வேலையை அது செய்கிறது. மெட்ரோவின் மூன்றாம் வழித்தடத்தையும் இதன் மேலேயே சிறுசேரி வரை கட்டுகிறார்கள். தூண்களுக்கு நடுவே அழகைத் தேட வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். துரைப்பாக்கத்தில் ஒக்கியம் மடுவுப் பாலம். பாலம் என்றே தெரியாமல் கடந்துவிடுவோம். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வந்து, இந்த மடுவு வழியாக ஓஎம்ஆரின் அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. கால்வாயில் தெற்கே இறங்கி, முட்டுக்காட்டில் ஈசிஆர் பாலத்துக்கு அடியில் நுழைந்து கடலில் சேர்கிறது. ஓஎம்ஆரின் ஒக்கியம் பாலமும் ஈசிஆரின் முட்டுக்காடு பாலமும் ஒரே தண்ணீரின் மேல் நிற்பவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓஎம்ஆர் ஏன் மிதந்தது என்று கேட்பவர்கள் இந்த வழியை ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்தால் போதும். சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, மடுவின் வாய் குறுகக் குறுக, தண்ணீர் வேறு எங்கே போகும்?

பக்கிங்காம் கால்வாயும் இந்தக் கணக்கில் ஒரு சாலைதான், இரண்டுக்கும் மூத்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது, பிறகு இரண்டு பக்கமும் நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நின்றது. தெற்கே மரக்காணம் வரை போகும் இந்த நீர்வழியில் உப்பும் விறகும் தோணிகளில் பட்டணத்துக்கு வந்தன. கோவளத்தில் மீன் விற்ற ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "ரோடு எங்க தம்பி இருந்துச்சு? நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே விறகு ஏத்திக்கிட்டுத் தோணி போகும். கரையில கயிறு கட்டி ஆளுங்க இழுத்துக்கிட்டுப் போவாங்க." இன்று ஈசிஆருக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவில் கிடக்கும் அந்தக் கால்வாயைச் சோழிங்கநல்லூர்க் குறுக்குச் சாலையில் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஈசிஆரில் கடல் எங்கே?

ஈசிஆர் என்றதும் எல்லாருக்கும் கடல் நினைவுக்கு வருகிறது. முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டி, சாலை நடுவே நிற்கும் சின்ன வால்மீகி கோயிலைச் சுற்றிக் கிளம்பினால், அக்கரை வரை கடைகளும் அடுக்குமாடிகளும் சாலை விரிவாக்க வேலையும்தான். அதற்குப் பிறகு பங்களாக்களின் மதில், ரிசார்ட்டுகளின் மதில். சில நூறு மீட்டரில் கடல் இருக்கிறது, காற்றில் உப்பு தெரிகிறது, கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. நீலாங்கரைக் கரையில் தை முதல் பங்குனி வரை 'பங்குனி ஆமை' என்னும் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன; 1988 முதல் மாணவர்கள் ராத்திரியில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். சாலையில் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. கரையோர விளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் திசை மாறிச் சாலைப் பக்கம் ஊர்ந்து வருவதும் உண்டு.

அதனால்தான் ஈசிஆரில் கிழக்கே பார்க்காதீர்கள், மேற்கே பாருங்கள் என்கிறேன். இந்தச் சாலையின் உண்மையான செல்வம் மேற்கில் இருக்கும் தண்ணீர். உத்தண்டி தாண்டியதும் கட்டடங்கள் விலகி விலகிக் காயல் தெரிய ஆரம்பிக்கும். முட்டுக்காடு பாலத்தில் அது முழுதாகத் திறக்கும். கிழக்கே கழிமுகத்தில் மணல்திட்டு, அதற்கு அப்பால் அலை. மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் மணல் மூடிக் கழிமுகம் அடைபட்டுக் கிடக்கும்.

தண்ணீர் இடுப்பளவு இருக்கும் இடத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள், பறி நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிறது. குனிந்து இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். முகவாய் தண்ணீரைத் தொடும். கையில் இறால் தட்டுப்பட்டதும் தலையை லேசாகச் சாய்த்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி தடவல். ஒருநாள் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து சாலையைப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் கார்கள் பறந்துகொண்டிருந்தன.

கேளம்பாக்கம்–கோவளம் குறுக்குச் சாலை நாலைந்து கிலோமீட்டர்தான். என்னைக் கேட்டால் இரண்டு பெரிய சாலைகளையும் விட அழகு இதில் அதிகம். இருபுறமும் காயலும் உப்பளமும். குளிர்காலத்தில் பூநாரை வரும், கூழைக்கடா வரும், நெடுங்கால் உள்ளான் ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். பறவை பார்க்கிறவர்கள் விடியற்காலையில் இங்கேதான் நிற்பார்கள்.

இந்தக் குறுக்குச் சாலைக்குத் திரும்பாமல் ஓஎம்ஆரில் நேராகப் போனாலும் பாதகமில்லை. கேளம்பாக்கத்துக்குத் தெற்கே அது மறுபடி பழைய மகாபலிபுரம் சாலையாகிவிடுகிறது. தையூர் ஏரி, பிறகு திருப்போரூர். கந்தசாமி கோயிலில் முருகன் பனைமரத்திலிருந்து வெளிப்பட்ட சுயம்பு என்பது தல வரலாறு. சிதம்பர சுவாமிகள் சந்நிதிமுறை பாடிய தலம். கிருத்திகை அன்று மட்டும் இந்தப் பக்கம் வண்டியில் வர வேண்டாம், கூட்டம் தாங்காது. ஆலத்தூர், பையனூர் தாண்டிப் பூஞ்சேரி வந்தால் மாமல்லபுரத்து உளிச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஈசிஆர் வழியில் வந்தால் இதே தூரத்தில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளும் சாளுவன்குப்பத்தின் புலிக்குகையும் கிடைக்கும். புலிக்குகைக்குப் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு மண் விலகி வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து தோண்டியபோது செங்கல் முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. இரண்டு வழியிலும் முருகன். ஒருவர் பனையிலிருந்து, மற்றவர் மணலிலிருந்து.

சுங்கத்தைப் பொறுத்தவரை ஓஎம்ஆரே மேல். பெருங்குடி முதலிய சாவடிகளை 2021 ஆகஸ்டிலும் கடைசியாக நாவலூரை 2023 அக்டோபரிலும் எடுத்துவிட்டார்கள். ஈசிஆரில் உத்தண்டியில் கட்டணம் உண்டு.

புதுச்சேரி வரை போவதென்றால்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓஎம்ஆர் கிடையாது, போட்டிக்கு வருவது செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை. மழை கொட்டும் ராத்திரிக்கும் அவசர வேலைக்கும் அதுவே சரி. மதுராந்தகம் ஏரி நிறைந்திருக்கும் கார்த்திகை மாதத்தில் மட்டும் அதற்கென்று ஓர் அழகு உண்டு.

மற்ற எந்த நாளிலும் ஈசிஆர். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையான பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழியாக்கும் வேலை நடப்பதால் நான் சொல்வதில் சில காட்சிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம். பெரும்பாலும் தண்ணீரைவிட மணல் அதிகம். கடப்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. சிதைந்த செங்கல் சுவரின் மேல் நின்றால் கீழே காயல், அதற்கு அப்பால் மணல், அதற்கும் அப்பால் கடல்.

மரக்காணம் உப்பளத்தில் கட்டாயம் இறங்குங்கள். கால்வாய் முடியும் இடமும் இதுதான். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். நீளக் கம்பின் நுனியில் பலகை மாட்டி, வெறுங்காலோடு வரப்பில் நின்று உப்பை இழுத்து ஒதுக்குவார்கள். பலகை இழுபடும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம், சர்க்கரை மூட்டையைத் தரையில் இழுத்தாற்போல. சாலையோரக் குவியல்களைக் கீற்று போட்டு மூடியிருப்பார்கள். சங்கப் பாடலில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை பெருமழை வரும் வரை நடக்கும். வெயில் ஏறுவதற்கு முன் போனால் வேலையைப் பார்க்கலாம்.

இனி, முதலில் சொன்ன பதிலுக்கான காரணம். நம் ஊரில் வண்டி இடதுபுறம் ஓடுகிறது. தெற்கே போகும்போது ஈசிஆரில் நீங்கள் கிழக்கு ஓரம். பக்கத்தில் மதில்கள், காயல் எதிர்ப்புறம். வடக்கே திரும்பும்போது மேற்கு ஓரம் உங்களுடையது. தண்ணீர் சன்னலுக்கு வெளியே. மாலையில் திரும்பினால் சூரியனும் அந்தப் பக்கமே இறங்கும். சனி, ஞாயிறு காலையில் ஓஎம்ஆரில் கம்பெனி வண்டிகள் குறைவு, கேளம்பாக்கம் வரை சிரமமில்லாமல் போய்விடலாம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஈசிஆர் அக்கரையில் அடைத்துக்கொள்ளும். அன்று கோவளம் தாண்டி முட்டுக்காடு வரை வந்து பார்த்துவிட்டு, திரும்பிக் கேளம்பாக்கம் போய் ஓஎம்ஆரைப் பிடித்துவிடுங்கள்.

முட்டுக்காட்டில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த வேண்டாம், வேகமாக வரும் பைக்குகள் அதிகம். படகுத்துறைப் பக்கம் நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து வாருங்கள். ஐந்தரை மணிக்கு மேல் காயல் முழுக்கச் செம்பு நிறமாகும். அந்த நேரத்தில் இறால் பிடித்த பெண்கள் கரையேறிப் பறியைக் கவிழ்த்து, தென்னங்கீற்றின் மேல் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.