பழைய கான்பெரா கிட்: அடைத்த சந்துகள் இன்று எப்படி இருக்கின்றன

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரி விமானக் கிட்டில் இருந்து நான் கட்டிய கான்பெரா ஒன்று என் அலமாரியில் சில ஆண்டுகளாக நிற்கிறது. 1970-களின் அச்சில் வார்த்தது, 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இந்திய விமானப்படை 1957-இல் சேர்த்து 2007-இல் ஓய்வு கொடுத்த குண்டுவீச்சு விமானம். நான் கட்டியது அதில் பி(ஐ)58 வகை. பாகங்கள் சேரும் இடத்துச் சந்துகளைப் பட்டி என்ற பசைக்கூழால் அடைப்போம். சாயம் பூசிய அன்று எல்லாப் பட்டியும் நல்ல பட்டிதான். எது நின்றது, எது உள்வாங்கியது என்பது சில கோடைகள் கழிந்த பிறகே தெரிகிறது.

நிஜ விமானத்தின் இறக்கை விரிப்பு சுமார் 19.5 மீட்டர், இந்த அளவில் 27 சென்டிமீட்டர். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டால், நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பிளவு. கை நுழையும்! பழைய அச்சில் இந்தச் சந்து மேல்பக்கம் அகன்றும் அடிப்பக்கம் ஒட்டியும் இருக்கும். அதைப் பார்த்ததும் பட்டியை எடுப்பதுதான் பலரது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்து வடிவக் கோளாறின் அடையாளம். முதலில் வடிவத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் பிசிறுகளைச் சீவி, பாகங்களை டேப்பால் மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கிட்டில் பொருத்துமுனைகள் நம்பத் தக்கவை அல்ல. அவற்றை வெட்டிவிட்டு, கண்ணில் படும் மேல்பரப்பைச் சமன்செய்து ஒட்டினேன். மீந்த ஏற்றத்தாழ்வு அடிப்பக்கம் போனது. உடலின் இரு பாதிகளை மூடுமுன், உள்ளே குறுக்காக ஒரு ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை முட்டுக் கொடுத்தேன். பக்கச்சுவர் வெளியே தள்ளி இறக்கையை நெருங்கியது. மிச்சத்துக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, மெல்லிய திரவப் பசையை ஓடவிட்டு, காய்ந்ததும் மட்டமாகச் சீவினேன். தகடும் கிட்டும் ஒரே பாலிஸ்டைரீன். பசை இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. இன்று டார்ச் அடித்துத் தேடினாலும் அந்த இடத்தில் கோடு தெரியவில்லை. முழு வேலையிலும் எனக்குப் பெரிய நிறைவு இதுதான்.

எஞ்சின் கூட்டின் முன்வளையம் கூட்டைவிடச் சிறியது, சுற்றிலும் படி. அங்கே சூப்பர் க்ளூவில் முகப் பவுடர் குழைத்துப் பூசினேன். அது துளியும் சுருங்கவில்லை. ஆனால் இறுகினால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்; ஒரு மணி நேரத்துக்குள் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் தேயும். 400-ஆம் எண் தாளில் தொடங்கி, அதைவிட நைசான 1000 வரை, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. பிளாஸ்டிக் தூசு மூச்சில் ஏறாது.

டியூப்பில் வரும் கரைப்பான் பட்டியை அடிவயிற்று ஒட்டுக்கோட்டில் மட்டும் பயன்படுத்தினேன். அங்கேதான் இன்று கோடு தெரிகிறது. பள்ளம் இல்லை, சாய்வெளிச்சத்தில் தலைகாட்டும் ஒரு நிழல். கரைப்பான் ஆவியாக ஆவியாகப் பட்டி சுருங்கும். ஆழமாக அடைத்தால் மேல் காய்ந்து உள் ஈரமாகவே நிற்கும். கீறல், ஊசிமுனைக் குழி போன்றவற்றுக்கு இது போதும், அகலச் சந்துக்குக் கூடாது. ஸ்ப்ரூ துண்டுகளைத் திரவப் பசையில் கரைத்த கூழ் இதைவிட மேல். தேய்ப்பில் அழிந்த பேனல் கோட்டை (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கீறல்) அதன்மேல் மறுபடி கீறலாம். காய நாள்கணக்காகும், மெல்லிய பாகத்தை இளக்கியும் விடும்.

கடைசியாகக் கண்ணாடி. இந்த வகையின் விமானி மூடி நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும், அதனால் உடலின் வளைவோடு சரியாக உட்காராது. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெண்படலம் போடும் என்பதால், அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஃபெவிகாலை விளிம்பில் இழுத்து, ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்துவிடுகிறது. இன்றுவரை பிடி விடவில்லை.

கட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்று: மூக்கை மூடுமுன் ஈயக்குண்டுகளைத் திணித்து, இறக்கைச் சக்கரங்களின் இடத்தில் விரலால் தாங்கிப் பாருங்கள்; முன்பக்கம் எடை போதாவிட்டால் மாதிரி வால்மேல் உட்கார்ந்துவிடும். மூக்கு தாழ்ந்தால்தான் மூட வேண்டும். அடைத்துத் தேய்த்த மூக்கை மறுபடி பிளப்பது கொடுமை.